ஆறு சேவைகள், ஒரு மடிக்கணினி: பிரேக்பாயின்ட் வைத்தால் ஒரு மூட்டை மூன்றாகப் பதிவாகிறது

மூடுபனி (கோத்தகிரி)
ஜூலை 9, இரவு 9:12

மூன்று நாட்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன். பல சேவைகளை ஒன்றாக ஓட்டிப் பழகியவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் சிறிய குழு மலைக்காய்கறி எடைப்பதிவுக்கான மென்பொருளை எழுதுகிறது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் மூட்டைகளை ஊரிலேயே எடை போட்டு, லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறார்கள். எடை போடுபவர் கைபேசியில் பதிந்ததும் விவசாயியின் கணக்கில் அது ஏறும். அவருக்குக் குறுஞ்செய்தி போகும். முன்பு எல்லாம் ஒரே நிரலாக இருந்தது. சென்ற ஆண்டு அதை, தனித்தனியாக ஓடி ஒன்றையொன்று அழைக்கும் ஆறு சேவைகளாகப் பிரித்தோம்: உள்நுழைவு, எடை, விலை, கணக்கு, குறுஞ்செய்தி, இணையப் பக்கம். எடை, உள்நுழைவு, இணையப் பக்கம் மூன்றும் நோட் ஜேஎஸ்ஸில் எழுதியவை. விலை ஜாவா. கணக்கும் குறுஞ்செய்தியும் பைத்தான். அடியில் தரவுத்தளமாகப் போஸ்ட்கிரெஸ், நினைவகத்திலேயே தரவு வைக்கும் ரெடிஸ். என்னிடம் இருப்பது 8 ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினி, உபுண்டு.

முதல் சிக்கல்: டாக்கர் கம்போஸ் (ஒவ்வொரு சேவையையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஒன்றாக ஏற்றும் கருவி) மூலம் எல்லாவற்றையும் ஏற்றினால் கணினி திணறுகிறது. அதன் பிறகு, நிரல் எழுதும் விஎஸ் கோடைத் திறக்கவே இடமில்லை.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கணக்கு சேவையில், மூட்டையைக் கணக்கில் ஏற்றும் வரிக்கு முன் பிரேக்பாயின்ட் (பிழை தேடும் கருவியான டீபக்கர் நிரலை நிறுத்தும் இடம்) வைக்கிறேன். கைபேசிச் செயலியில் ஒரு மூட்டையைப் பதிகிறேன். நிரல் நிற்கிறது. மாறிகளைப் பார்த்துவிட்டு, மேலே ஓட எஃப்5 அழுத்தினால் மறுபடியும் அதே வரியில் நிற்கிறது. மீண்டும் அழுத்தினால் மீண்டும் நிற்கிறது. கடைசியில் தரவுத்தளத்தில் ஒரு மூட்டை மூன்று மூட்டையாக இருக்கிறது. பிரேக்பாயின்டை எடுத்துவிட்டால் ஒன்றுதான் பதிவாகிறது. டீபக்கர் ஒரே வரியை மூன்று முறை ஓட்டுமா?

கொடை_பேரி (கொடைக்கானல்)
ஜூலை 9, இரவு 9:31

எடை சேவை கணக்கு சேவையை அழைத்துவிட்டு எத்தனை வினாடி காத்திருக்கிறது? பதில் வராவிட்டால் மறுபடி அழைக்கிறதா? எத்தனை முறை? இந்த எண்களை முதலில் எழுதுங்கள்.

மூடுபனி
ஜூலை 9, இரவு 9:38

5 வினாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் இரண்டு முறை மறுமுயற்சி. இதை எழுதும்போதே எதுவோ புரிவது போல் இருக்கிறது.

கேத்தி_பள்ளத்தாக்கு (கேத்தி)
ஜூலை 9, இரவு 10:05

முதல் சிக்கலுக்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டாவதை என்னைவிட நன்றாக விளக்குபவர்கள் வருவார்கள்.

ஆறு சேவைகள் இருக்கின்றன என்பதற்காக ஆறையும் ஒரே விதமாக ஓட்ட வேண்டியதில்லை. இன்று நீங்கள் கை வைக்கப்போவது கணக்கு சேவையில் மட்டும். அதைக் கன்டெய்னரிலிருந்து வெளியே எடுத்து, உபுண்டுவில் நேரடியாக, விஎஸ் கோடின் டீபக்கருக்குக் கீழ் ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், உள்நுழைவு, எடை ஆகியவை கன்டெய்னரில் இருக்கட்டும். விலை சேவைக்குப் பதிலாக, எப்போது கேட்டாலும் கேரட் கிலோ 40 ரூபாய் என்று சொல்லும் பத்து வரி நிரல் ஒன்று போதும். இணையப் பக்கம் இன்று வேண்டவே வேண்டாம்.

கம்போஸ் கோப்பில் ஒவ்வொரு சேவைக்கும் புரொஃபைல் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுத்த சேவை, அந்தப் பெயரைச் சொல்லி ஏற்றினால்தான் ஏறும். பெயர் கொடுக்காதவை எப்போதும் ஏறும். தரவுத்தளத்துக்கும் ரெடிஸுக்கும் பெயர் கொடுக்காதீர்கள். மற்றவற்றை நீங்கள் செய்யும் வேலைகளுக்கு ஏற்பப் பிரித்துவிடுங்கள்.

ஜாவா சேவையைக் கட்டாயம் ஓட்ட வேண்டிய நாளில் அதன் நினைவகத்துக்கு எல்லை வையுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) தன் ஹீப்பின், அதாவது தரவு வைக்கும் நினைவகப் பகுதியின், உச்ச அளவாக, கண்ணில் படும் நினைவகத்தில் கால் பங்கை வைத்துக்கொள்ளும். உங்கள் கணினியில் அது 2 ஜிபி. எக்ஸ்எம்எக்ஸ் என்ற தொடக்க அமைப்பின் மூலம் 256 எம்பி என்று சொல்லிவிடுங்கள். விலைப் பட்டியலைப் படித்துக் கொடுக்கும் சேவைக்கு அது தாராளம்.

இப்படிக் கலந்து ஓட்டும்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எடை சேவை கன்டெய்னருக்கு உள்ளே இருக்கிறது, கணக்கு வெளியே. கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் (‘இதே கணினி’ என்ற பெயர்) என்றால் அது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும், உங்கள் மடிக்கணினியை அல்ல. வெளியே இருப்பதை அழைக்க ‘ஹோஸ்ட் டாட் டாக்கர் டாட் இன்டெர்னல்’ என்ற பெயர் வேண்டும். லினக்ஸில் அது தானாக வராது. கம்போஸ் கோப்பில் எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ் பகுதியில் அந்தப் பெயருக்கு எதிரே ஹோஸ்ட் கேட்வே என்று எழுத வேண்டும். டாக்கர் 20.10 பதிப்பு முதல் இது இருக்கிறது. அதோடு, கணக்கு சேவை 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் காத்திருந்தால் கன்டெய்னரிலிருந்து வரும் அழைப்பு அதை எட்டாது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதில் இழந்திருக்கிறேன்.

சமவெளி (கோவை)
ஜூலை 9, இரவு 10:20

8 ஜிபியை வைத்துக்கொண்டு இவ்வளவு பாடுபட வேண்டுமா? மேகக் கணினி ஒன்றை வாடகைக்கு எடுத்து, எல்லாவற்றையும் அங்கே ஓட்டி, விஎஸ் கோடைத் தொலைவிலிருந்து இணைத்துவிடலாம். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். மடிக்கணினி வெறும் திரை மட்டுமே.

மஞ்சூர்_மழை (மஞ்சூர்)
ஜூலை 9, இரவு 10:44

நண்பரே, கோவையில் அது சரி. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் மின்கம்பியும் போகும், அதே கம்பத்தில் போகும் இணைய வடமும் போகும். சென்ற ஜூலையில் எங்கள் தெருவுக்கு இரண்டு நாள் இணைப்பு இல்லை. தொலைவுக் கணினியில்தான் என் நிரல் முழுவதும் இருந்திருந்தால் அந்த இரண்டு நாளும் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மடிக்கணினியின் மின்கலத்தில் மூன்று மணி நேரம் கிடைக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தில் இணையமே இல்லாமல் வேலை நடக்க வேண்டும் என்பது எனக்கு முதல் நிபந்தனை. அதனால் மழை தொடங்கும் முன்பே தேவையான டாக்கர் படிமங்கள் (கன்டெய்னர்களை உருவாக்கும் மூலக் கோப்புகள்) அனைத்தையும் இறக்கி வைத்துவிடுவேன். படிமத்தின் பெயரோடு பதிப்பு எண்ணையும் எழுதிவிடுவேன். வெறுமனே லேட்டஸ்ட் என்று விடுவதில்லை. பைத்தான் பொதிகளும் நோட் பொதிகளும் அப்படியே. மூடுபனி சொல்லும் 8 ஜிபி கணினியைக் குறையாக நினைக்க வேண்டாம். அவர் கையில் இருப்பது அதுதான், அதில் வேலை நடக்க வழி இருக்கிறது.

சமவெளி
ஜூலை 9, இரவு 10:51

மின்வெட்டை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மைச் சூழலுக்கு நெருக்கமாகச் சோதிக்க ஒரு பொதுக் கணினி எப்படியும் வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை.

தொட்டபெட்டா_காற்று (உதகை)
ஜூலை 10, காலை 6:50

கேத்தி நண்பர் சொன்னதோடு டீபக்கர் போர்ட்களை (ஒரு நிரல் இணைப்புக்காகக் காத்திருக்கும் வாசல் எண்கள்) பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நோட் ஜேஎஸ் டீபக்கருக்கு வழக்கமான போர்ட் 9229. இரண்டு நோட் சேவைகளை நேரடியாக ஓட்டி இரண்டுக்கும் அதையே விட்டால் இரண்டாவதன் டீபக்கர் ஏறாது. ஒன்றுக்கு 9229, அடுத்ததற்கு 9230 என்று நீங்களே பிரித்துக் கொடுங்கள். பைத்தானின் டீபக்கரான டீபக்பைக்கு 5678, ஜாவாவுக்கு 5005 என்பது வழக்கம். ஜாவாவில் இன்னொரு மாற்றம் உண்டு: ஜாவா 9 முதல், வெறும் 5005 என்று எழுதினால் அது உள்முகவரியில் மட்டும் காத்திருக்கும். கன்டெய்னருக்குள் ஓட்டும்போது முன்னால் நட்சத்திரக் குறியும் முக்காற்புள்ளியும் போட வேண்டும். பழைய கட்டுரைகளைப் பார்த்து எழுதுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. கம்போஸ் கோப்பில் 9229:9229 என்று எழுதினால் அந்தப் போர்ட் உங்கள் கணினியின் எல்லா முகவரிகளிலும் திறந்துவிடும். அதே வைஃபையில் இருக்கும் யாரும் அதைத் தொட முடியும். டீபக்கரைத் தொட முடிந்தவர் உங்கள் கணினியில் எந்த நிரலையும் ஓட்ட முடியும். விடுதி வைஃபையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் உதகையிலும் கொடைக்கானலிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். 127.0.0.1:9229:9229 என்று முழுதாக எழுதுங்கள். போஸ்ட்கிரெஸின் 5432க்கும் அதே கதிதான்.

கொடை_பேரி
ஜூலை 10, காலை 7:15

ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி: 2021இல் வந்த மான்டரே இயங்குதளம் முதல், படமும் ஒலியும் அனுப்பும் ஏர்பிளே வசதி 5000 போர்டைப் பிடித்துக்கொள்கிறது. பைத்தானில் இணையச் சேவை எழுத உதவும் ஃப்ளாஸ்க்கின் இயல்பான போர்டும் 5000தான்.

அரவங்காடு_ஓய்வு (அரவங்காடு)
ஜூலை 10, காலை 9:02

டீபக்கர் தவறு செய்யவில்லை, தம்பி. அது மூன்று முறை நின்றதற்குக் காரணம், மூன்று கோரிக்கைகள் உண்மையாகவே வந்தன.

பிரேக்பாயின்ட் நிறுத்துவது ஒரு சேவையை மட்டும். மற்றவற்றுக்கு நீங்கள் நிறுத்தியது தெரியாது. அவற்றின் கடிகாரங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நம் மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஒருவர் நிற்பார். அவர்கள் ஒன்றுசேர்ந்து பிடிப்பதால்தான் ரயில் நிற்கிறது. உங்கள் ரயிலில் ஒரே ஒரு பெட்டியில் மட்டும் பிரேக் விழுந்திருக்கிறது.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். எடை சேவை முதல் கோரிக்கையை அனுப்பியது. கணக்கு சேவை அதை வாங்கி, உங்கள் வரியில் நின்றது. நீங்கள் மாறிகளைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். 5 வினாடி ஆனதும் எடை சேவை, பதில் வராது என்று முடிவு செய்து அந்த இணைப்பை மூடிவிட்டு இரண்டாவது கோரிக்கையை அனுப்பியது. கணக்கு சேவை உறைந்து நின்றாலும் இயங்குதளம் உறையவில்லை. அது புதிய இணைப்பை வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டது. இன்னும் 5 வினாடியில் மூன்றாவதும் வந்து வரிசையில் உட்கார்ந்தது. நீங்கள் எஃப்5 அழுத்தியதும் முதல் கோரிக்கை முடிந்து, ஒரு மூட்டை ஏறியது. கேட்டவர் போய்விட்டார் என்பது கணக்கு சேவைக்குத் தெரியாது. வரிசையில் அடுத்ததை எடுத்தது, உங்கள் வரியில் நின்றது. மூன்றாவதும் அப்படியே.

வேலை நடக்க இப்போதைக்கு இரண்டு வழிகள் உண்டு. காத்திருக்கும் நேரத்தைச் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) வைத்து, டீபக்கரோடு ஓட்டும்போது மட்டும் பத்து நிமிடமாக்குங்கள். அல்லது நிற்காமலே பாருங்கள்: விஎஸ் கோடில் லாக்பாயின்ட் என்று ஒன்று இருக்கிறது. பிரேக்பாயின்ட் வைக்கும் அதே இடத்தில் வலது சொடுக்கி அதைத் தேர்ந்தெடுத்து, எந்த மாறியைப் பார்க்க வேண்டுமோ அதை நெளிவு அடைப்புக்குள் எழுதினால், நிரல் நிற்காமல் அதன் மதிப்பை மட்டும் அச்சிட்டுவிட்டுப் போகும். பல சேவைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஓடும்போது நான் பெரும்பாலும் இதைத்தான் கையாள்கிறேன்.

ஜாவாவில் இன்டெல்லிஜே ஐடியா என்ற நிரலெழுதும் கருவி வைத்திருப்பவர்கள் பிரேக்பாயின்டின் அமைப்பில் ‘எல்லாம்’ என்பதை ‘திரெட்’ (நிரலுக்குள் ஒரு தனி ஓட்டம்) என்று மாற்றிக்கொண்டால் அந்த ஒரு கோரிக்கை மட்டும் நிற்கும், மற்றவை ஓடும். நோட் ஜேஎஸ்ஸில் அந்த வசதி இல்லை. அதில் நிரலை ஓட்டுவது ஒரே திரெட் என்பதால், நின்றால், சேவை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் நலச் சோதனைக்குப் பதில் சொல்வதும் சேர்ந்தே நிற்கும். வெறும் டாக்கரில் அதனால் பெரிய தொல்லை இல்லை. கன்டெய்னருக்கு நலமில்லை என்று எழுதிவைக்கும், அவ்வளவுதான். பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கூபர்நெட்டீஸில் அப்படி அல்ல. லைவ்னெஸ் சோதனை இயல்பாக 10 வினாடிக்கு ஒரு முறை, மூன்று முறை தவறினால் கன்டெய்னரையே மறுபடி தொடங்கிவிடும். அரை நிமிடத்தில் உங்கள் டீபக்கர் அறுந்துபோகும்.

மூடுபனி
ஜூலை 10, பிற்பகல் 1:20

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரிசையை லாக்பாயின்ட் வைத்துப் பார்த்தேன். அப்படியேதான் நடக்கிறது. காத்திருக்கும் நேரத்தைப் பத்து நிமிடமாக்கிவிட்டேன். இப்போது ஒரு மூட்டை ஒரு மூட்டையாகவே ஏறுகிறது. கேத்தி அண்ணா சொன்னபடி பிரித்து ஓட்டியதில் 3 ஜிபி காலியாகவும் இருக்கிறது. என் சிக்கல் தீர்ந்தது. இழையை மூடிவிடலாம்.

கொடை_பேரி
ஜூலை 10, பிற்பகல் 2:06

> என் சிக்கல் தீர்ந்தது.

தீரவில்லை. தயவுசெய்து இங்கே நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் பிரேக்பாயின்ட் செய்தது என்ன? கணக்கு சேவையை 5 வினாடிக்கு மேல் தாமதப்படுத்தியது. வேறு ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் கணக்கு சேவை வேறு எந்தக் காரணத்தால் 5 வினாடிக்கு மேல் தாமதித்தாலும் ஒரு மூட்டை இரண்டோ மூன்றோ ஆகும். தரவுத்தளத்தில் ஒரு பூட்டுக்காகக் காத்திருந்தால் ஆகும். மாதக் கடைசியில் எல்லோரும் கணக்குப் பார்க்கும் நாளில் ஆகும்.

கைபேசியை நினைத்துப் பாருங்கள். உங்கள் எடை நிலையங்கள் நகரத்தில் இல்லை. பள்ளத்தில் இருக்கும் ஊரில் ஒற்றைக் கோடு சிக்னலில், கையில் மண்ணோடு ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. அவர் என்ன செய்வார்? மறுபடி அழுத்துவார். முதல் அழுத்தம் சேவையகத்தை அடைந்து, பதில் திரும்பி வரும் வழியில் மட்டும் தொலைந்திருந்தால்? கணக்கில் இரண்டு மூட்டை.

காத்திருக்கும் நேரத்தை நீட்டியதால் உங்கள் மேசையில் அது தெரியாமல் போயிற்று. மூன்று நாட்களாக உங்கள் டீபக்கர் இந்தப் பிழையைத்தான் உங்களிடம் காட்டிக்கொண்டிருந்தது. இது ஒருவரின் கூலியும் விளைச்சலும் எழுதப்படும் ஏடு. இதில் இரண்டாகப் பதிவானால் பணம் கூடுதலாகப் போகும், பிறகு யாரோ பிடித்தம் செய்வார்கள், பிடித்தம் செய்யப்படுபவர் எழுதத் தெரியாதவராக இருக்கலாம். உங்கள் பழைய பதிவுகளில் இப்படி இரட்டையாக ஏதாவது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

மூடுபனி
ஜூலை 11, இரவு 8:40

அக்கா சொன்னபடி தேடினேன். இருக்கிறது.

சென்ற மாதம் மட்டும் பதினொரு முறை, ஒரே விவசாயி, ஒரே காய், ஒரே எடை, 5 முதல் 20 வினாடி இடைவெளியில் இரண்டு பதிவுகள். பதினொன்றில் ஒன்பது, சிக்னல் மோசமாக இருக்கும் ஒரே நிலையத்தில். மே மாதத்தில் ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்து, ஒரே மூட்டைக்கு இரண்டு குறுஞ்செய்தி வந்தது என்று சொல்லியிருக்கிறார். அதைக் குறுஞ்செய்தி சேவையின் பிழை என்று குறித்து, அந்தச் சேவையில் நானே இரண்டு நாள் தேடினேன். அது சரியாகத்தான் வேலை செய்தது. அவர் சொன்னதும் சரி. நாங்கள் பார்த்த இடம்தான் தவறு.

திருத்தமாக ஒன்றை யோசித்திருக்கிறேன்: ஒரே விவசாயி, ஒரே காய், ஒரே எடை, ஒரு நிமிடத்துக்குள் மறுபடி வந்தால் தள்ளிவிடலாம். சரியா?

மஞ்சூர்_மழை
ஜூலை 11, இரவு 9:03

சரியல்ல. என் வீட்டிலும் கேரட் போடுகிறோம். மூட்டைகளை ஒரே அளவாகத்தான் கட்டுவோம். எடை போடுபவர் கை வேகமானவராக இருந்தால் ஒரு நிமிடத்தில் மூன்று மூட்டை தராசில் ஏறி இறங்கும், மூன்றும் ஒரே எடை காட்டும். உங்கள் விதி அதில் இரண்டை விழுங்கிவிடும். இரட்டிப்பாகப் பதிவதைவிட அது கொடுமை. கூடுதலாக வந்தால் விவசாயி திருப்பிக் கொடுக்க முடியும். காணாமல் போனதை அவர் எப்படி நிரூபிப்பார்?

அரவங்காடு_ஓய்வு
ஜூலை 11, இரவு 9:30

மஞ்சூர்க்காரர் சொல்வது மிகச் சரி. விடை பழைய எடைச்சீட்டிலேயே இருக்கிறது, தம்பி. அந்தச் சீட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு தாளிலும் முன்பே ஓர் எண் அச்சாகியிருக்கும். கார்பன் வைத்து எழுதுவார்கள். ஒரே எண்ணில் இரண்டு சீட்டு வந்தால் எந்தக் கணக்குப்பிள்ளையும் இரண்டு முறை பணம் தரமாட்டார். வேறு வேறு எண்ணில் ஒரே எடை வந்தால் தயங்காமல் இரண்டுக்கும் தருவார்.

அந்தச் சீட்டு எண்ணைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எடை போடுபவர் புதிய மூட்டைக்கான திரையைத் திறக்கும்போதே கைபேசி ஒரு யூயூஐடியை (வேறெங்கும் மறுபடி வராத நீண்ட அடையாள எண்) உருவாக்கட்டும். மறுபடி அழுத்தினாலும், எடை சேவை மறுமுயற்சி செய்தாலும், அதே எண்தான் போக வேண்டும். கணக்கு அட்டவணையில் அந்த எண்ணுக்குத் தனித்துவக் கட்டுப்பாடு வையுங்கள்: ஒரே எண் இரண்டு முறை ஏற முடியாது. போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பு முதல், மோதினால் ஒன்றும் செய்யாதே என்று செருகும் கட்டளையிலேயே சொல்ல முடியும். ஏற்கெனவே இருந்தால் பிழை என்று பதில் சொல்லாமல், முதல் முறை கொடுத்த அதே பதிலைக் கொடுங்கள். அழைத்தவருக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.

எண்ணை எடை சேவையில் உருவாக்கிவிடாதீர்கள். அங்கே உருவாக்கினால் சேவைகளுக்கு இடையிலான மறுமுயற்சி அடங்கும், ஆனால் கைபேசியிலிருந்து வரும் இரண்டாவது அழுத்தம் புதிய எண்ணோடு உள்ளே போய்விடும்.

தொட்டபெட்டா_காற்று
ஜூலை 11, இரவு 10:10

இதைச் சோதிக்க இனி பிரேக்பாயின்ட் வேண்டாம். டாக்சிபிராக்சி என்ற கருவி இருக்கிறது. எடைக்கும் கணக்குக்கும் நடுவில் அதை நிறுத்தி, இத்தனை மில்லிவினாடி தாமதம், இப்போது இணைப்பை அறு என்று சொல்லலாம். 6 வினாடி தாமதம் கொடுத்து, கணக்கில் ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும் என்று தானியங்கிச் சோதனையாகவே எழுதிவிடுங்கள்.

கேத்தி_பள்ளத்தாக்கு
ஜூலை 12, காலை 7:25

இரண்டு நாள் தவறான சேவையில் தேடினேன் என்று மூடுபனி எழுதியது மனதில் தங்கிவிட்டது. எனக்கும் அது நடந்திருக்கிறது. ஆறு சேவைகளின் லாக் (ஓடும்போது சேவை எழுதிவைக்கும் குறிப்புகள்) ஆறு இடத்தில் இருந்தால், எந்த வரி எந்த மூட்டைக்கு உரியது என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2020இல் பரிந்துரையாக வெளியிட்ட, கோரிக்கையோடு சேர்ந்து போகும் டிரேஸ்பேரன்ட் என்ற தலைப்பு வரி இதற்காகவே இருக்கிறது. ஒரு கோரிக்கை முதன்முதலில் நுழையும் இடத்தில் 32 பதினறும இலக்கம் கொண்ட அடையாளம் ஒன்று பிறக்கும். ஒவ்வொரு சேவையும் அடுத்ததை அழைக்கும்போது அதையே கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். லாக் எழுதும்போது அதையும் எழுத வேண்டும். ஓப்பன்டெலிமெட்ரி நூலகங்கள் நோட், பைத்தான், ஜாவா மூன்றிலும் இதைப் பெரும்பாலும் தாமாகவே செய்துவிடும். மடிக்கணினியில், இவற்றைத் திரட்டிக் காட்டும் ஜேகர் ஒரு கன்டெய்னராக ஓடட்டும்; உலாவியில் 16686 போர்டைத் திறந்தால் ஒரு மூட்டை எந்தச் சேவையில் எத்தனை மில்லிவினாடி இருந்தது என்று படமாகத் தெரியும். மறுமுயற்சி நடந்திருந்தால் ஒரே அடையாளத்தின் கீழ் கணக்கு சேவைக்கு மூன்று கோடுகள் வந்து நிற்கும். முதல் நாளே இது இருந்திருந்தால் உங்கள் மூன்று இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

இதைச் சீட்டு எண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சீட்டு எண் மூட்டைக்கு உரியது, அடையாளம் பயணத்துக்கு உரியது. பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பயணம் இரண்டு, மூட்டை ஒன்று.

இரண்டு சேவைகளை ஒரே நேரத்தில் டீபக்கரோடு பார்க்க வேண்டியிருந்தால் விஎஸ் கோடின் லாஞ்ச் கோப்பில் காம்பவுண்ட்ஸ் பகுதி இருக்கிறது. எடை, கணக்கு இரண்டையும் அதில் சேர்த்து ‘ஸ்டாப் ஆல்’ என்பதை ஆம் என்று வைத்தால் ஒரே அழுத்தத்தில் ஏறும், ஒரே அழுத்தத்தில் இறங்கும். இல்லாவிட்டால் ஒன்று பின்னணியில் உயிரோடு இருந்து போர்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

மூடுபனி
ஜூலை 14, இரவு 7:55

சீட்டு எண் வேலை செய்கிறது. டாக்சிபிராக்சியில் 6 வினாடி தாமதம் வைத்து நூறு முறை ஓட்டினேன். நூறு மூட்டை, நூறு வரி.

புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. கணக்கு சேவையை நேரடியாக ஓட்டினால் தேதி சரியாக இருக்கிறது. அதே நிரலைக் கன்டெய்னரில் ஓட்டினால், அதிகாலை 4 மணிக்குப் பதிந்த மூட்டை நேற்றைய தேதியில் விழுகிறது. காலை 6 மணிக்குப் பதிந்தது சரியான தேதியில் இருக்கிறது.

கொடை_பேரி
ஜூலை 14, இரவு 8:10

கன்டெய்னரின் கடிகாரம் இயல்பாக யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நம் அதிகாலை 4 மணி அங்கே முந்தைய நாள் இரவு 10:30. பகலில் மட்டும் வேலை நடக்கும் அலுவலகத்தில் இது வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. கேரட் அறுவடை இருட்டில் தொடங்குகிறது, அதனால் உங்களிடம் தினமும் வரும்.

கன்டெய்னரின் நேரத்தை மாற்றிவிட்டுப் போகாதீர்கள். தரவுத்தளத்தில் நேர மண்டலத்தோடு கூடிய நேர வகையில் சேமியுங்கள். தேதியாகப் பிரிக்கும் ஒவ்வொரு இடத்திலும் ‘ஆசியா/கொல்கத்தா’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சோதனையில் அதிகாலை 5:29க்கும் 5:31க்கும் ஒரு மூட்டை கட்டாயம் இருக்கட்டும்.

அரவங்காடு_ஓய்வு
ஜூலை 14, இரவு 8:42

தொடக்க வரிசையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கம்போஸில் டிபென்ட்ஸ் ஆன் என்று பெயரை மட்டும் எழுதினால், தரவுத்தளக் கன்டெய்னர் தொடங்கியதா என்றுதான் அது பார்க்கும். தயாரானதா என்று பார்க்காது. ஹெல்த் செக் எழுதி, ‘சர்வீஸ் ஹெல்தி’ என்ற நிபந்தனையும் கொடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸுக்கு பிஜி இஸ்ரெடி கட்டளை போதும், ஆனால் அதில் 127.0.0.1 என்று முகவரியைக் குறிப்பிடுங்கள். முதல்முறை ஏறும்போது அந்தப் படிமம் தயாரிப்பு வேலைகளுக்காக ஒரு தற்காலிகச் சேவையகத்தை உள்ளுக்குள் மட்டும் ஓட்டி, பிறகு நிறுத்திவிட்டு உண்மையானதைத் தொடங்கும். முகவரி சொல்லாவிட்டால் தற்காலிகமானதைப் பார்த்தே தயார் என்று சொல்லிவிடும்.

மூடுபனி
ஜூலை 17, காலை 9:30

நேற்று அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி, அந்தச் சிக்னல் இல்லாத நிலையத்துக்கே போனேன். மழை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எடை போடும் அண்ணனிடம் புதிய செயலியைக் கொடுத்து, எப்போதும்போல் பதியுங்கள் என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது மூட்டையில் சக்கரம் சுழன்றது. அவர் நான்கு முறை அழுத்தினார். நான் தடுக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தேன். அவர் எழுதிவைத்த நோட்டில் 38 மூட்டை, கணக்கில் 38. எல்லாம் 16ஆம் தேதியில். மூன்றாவது மூட்டைக்கு ஜேகரில் நான்கு பயணங்கள், ஒரே சீட்டு எண்.

மே மாதம் அழைத்த பெரியவருக்குத் தொலைபேசி செய்து, அவர் சொன்னது சரி என்று சொன்னேன். சென்ற மாதத்தின் பதினொரு இரட்டைப் பதிவுகளையும் ஒவ்வொரு நோட்டோடும் ஒப்பிட வேண்டும். அவற்றில் இரண்டு உண்மையாகவே இரண்டு மூட்டையாக இருக்கும் போலிருக்கிறது. அதற்கு முந்தைய மாதங்களையும் பார்க்க வேண்டும்.

மஞ்சூர்_மழை
ஜூலை 17, காலை 9:48

ஒப்பிட ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமை வருகிறேன். நோட்டுகளைப் படமெடுக்காமல் நேரில் பார்ப்பதே நல்லது, பென்சிலில் எழுதியிருப்பார்கள்.